தீவு இருப்பதாக ஒப்புக்கொண்ட வக்கீல்

வக்கீல் கடல் தாண்டிப் போனது படிப்பதற்காக என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதெல்லாம் சும்மா. அவர் போனது பெண்டாட்டி பின்னால். அந்த அம்மாள் நர்ஸ். ஊசி குத்தினால் குத்தியதே தெரியாது என்று பெயர் வாங்கியவள். வெளிநாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி அவளை வா வா என்று கூப்பிட்டது. கூப்பிட்டதோடு, கணவரும் உடன் வரலாம் என்று போனால் போகிறதென்று ஒரு வரி சேர்த்திருந்தது. அந்த ஒரு வரிதான் நம் வக்கீல்.

ஊரில் அவர் லேசுப்பட்ட ஆளில்லை. பதினெட்டு வருஷம் சிவில் கோர்ட்டில் கறுப்பு அங்கி மாட்டியவர். அப்பன் போட்ட வேலித் தகராறில் அப்பனுக்கு அப்புறம் மகனுக்கும் ஆஜராகிக்கொண்டிருந்தவர். கேஸ் ஜெயித்தாரா என்று மட்டும் கேட்காதீர்கள். அது வேறு விஷயம். அவருடைய கேஸ் தோற்பதற்கு நாள் பிடிக்கும், அதுதான் அவருடைய கீர்த்தி. எதிராளி சலித்துப்போய், "ஆளை விடுங்கப்பா" என்று சமாதானத்துக்கு வரும்வரை இழுத்தடிப்பார். அதற்கு அவர் கையில் இருந்தவை இரண்டு. ஒன்று வாய்தா, இன்னொன்று மறுப்பு.

மறுப்பு என்றால் ஏதோ இல்லை என்று தலையாட்டுவது என்று நினைத்துவிடாதீர்கள். எதிராளி பிராதில் எழுதியதை நாம் பதில் எழுதும்போது மறுக்காமல் விட்டால், அதை ஒப்புக்கொண்டதாக அர்த்தம் என்று சிவில் கோர்ட்டில் ஒரு விதி இருக்கிறது. ஆகவே நம் வக்கீல் ஒரு வரியைக்கூட விடமாட்டார். 'வாதி இன்ன தெருவில் குடியிருப்பதாகச் சொல்வது மறுக்கப்படுகிறது. வாதி இன்னாருடைய மகன் என்பது பிரதிவாதிக்குத் தெரியாது. வாதியே அதைக் கண்டிப்பாக நிரூபிக்க வேண்டும்.' ஒருமுறை வாதியாக வந்தவர் அவருடைய சொந்தச் சித்தப்பா. அப்போதும் அப்படியேதான் எழுதினார். தன் சொந்தத் தாத்தாவையே நிரூபிக்கச் சொன்ன மனுஷன் என்று கோர்ட் வராந்தாவில் அவரைக் காட்டுவார்கள். சித்தப்பா வீட்டு விசேஷம் எதற்கும் அப்புறம் அவருக்கு அழைப்பு வரவில்லை.

இந்தப் பழக்கம் கோர்ட்டோடு நிற்குமா? "பால் பொங்கி வழிஞ்சிருக்கே, அடுப்பு பக்கத்துல யாரு நின்னது?" என்று மனைவி கேட்டால், "பால் பொங்கினதுக்கு என்ன ஆதாரம்?" என்பார், கையில் கரித்துணியோடு.

அப்பேர்ப்பட்டவர் வெளிநாட்டில் போய் இறங்கினார். இறங்கியதும்தான் தெரிந்தது, அவருடைய சட்டம் விமானம் ஏறவில்லை என்று. அந்த ஊர்க் கோர்ட்டுக்குள் வேடிக்கை பார்க்கப் போகலாம். வக்கீலாகப் போக முடியாது. மனைவி விடிந்ததும் வேலைக்குக் கிளம்புவாள். இவர் நாலாவது மாடியில் உட்கார்ந்து காய் நறுக்குவார். நறுக்கி முடித்ததும் வாஷிங் மெஷினுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, துணி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் மனசு கேட்காமல் பெட்டியிலிருந்த அங்கியை எடுத்து, இஸ்திரி போட்டு, மாட்டிக்கொண்டு, வாஷிங் மெஷினைப் பார்த்து "கனம் கோர்ட்டாரவர்களே!" என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து மனைவி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டாள். அவள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் சிரிக்கவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் சர்வதேசப் பொதுச் சட்டம் என்று ஒரு மேற்படிப்பு இருப்பதை விசாரித்துக்கொண்டு வந்தவள் அவள்தான்.

"உங்க சட்டம் இங்கே செல்லாது, இவங்க சட்டம் உங்களுக்குத் தெரியாதுன்னு மண்டையை உடைச்சுக்கிறீங்களே. இது எல்லா நாட்டுக்கும் பொதுவாமே. எங்கே போனாலும் செல்லும். பேசாம சேர்ந்துடுங்க."

சேர்ந்தார். புகலிடம் தேடி வந்தவர்களுக்கு மனு எழுதிக்கொடுக்கும் அலுவலகம் ஒன்று பக்கத்துத் தெருவில் இருந்தது. இந்தப் படிப்பை முடித்துவிட்டு வந்தால் ஒரு மேஜை தருகிறோம் என்று அங்கே சொல்லியும் விட்டார்கள். ஊரில் அவருடைய அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க தம்பி இனிமே வேலிச் சண்டையெல்லாம் தொட மாட்டான். நாட்டுக்கு நாடு சண்டை வந்தாத்தான் எழுந்திருப்பான்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

வகுப்பில் அவரோடு உட்கார்ந்தவர்கள் எல்லாம் அவரில் பாதி வயசு. ஆனால் பாடம் நடக்க நடக்க வக்கீலுக்கு முகம் மலர்ந்தது. அட, இதுவும் நம்ம வேலித் தகராறுதானே! எல்லைக்கல்லை யார் நகர்த்தினார்கள், வாய்க்கால் தண்ணீர் யாருக்கு, ரொம்ப நாளாக அனுபவித்து வந்தவன் யார், எல்லாம் அப்படியே இருக்கிறது. கட்சிக்காரர்கள்தான் கொஞ்சம் பெரிய இடத்து ஆட்கள். ஓர் எல்லை வழக்கு ஒரு தலைமுறைக்கும் மேலாக இழுத்துக்கொண்டு போனது என்று பேராசிரியர் வருத்தத்தோடு சொன்னபோது, வகுப்பே உச்சுக்கொட்டியது. இவர் மட்டும் பரவசமாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்தப் பேராசிரியர் பல நாடுகளில் தூதராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் பட்டென்று சொல்லமாட்டார். 'உங்கள் கட்டுரை சுவாரசியமாக இருக்கிறது' என்றால் அது குப்பை என்று அர்த்தம். வகுப்பில் அவருக்குத் தூதர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அங்கே அவர்கள் பேசியது வேறு பாஷை. நம் கதை தமிழில் நடப்பதால் எல்லாரும் தமிழிலேயே பேசிவிட்டுப் போகட்டும். யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

கடைசிப் பருவத்தில் மாதிரி நீதிமன்றம் வந்தது. வடநாடு, தென்னாடு என்று இரண்டு கற்பனை நாடுகள். நடுக்கடலில் ஒரு தீவு. தீவு என்று நாம் மரியாதைக்குச் சொல்கிறோம்; ஒரு பாறை, அதன்மேல் ஒரு கலங்கரை விளக்கம், கொஞ்சம் பறவைகள், அவ்வளவுதான் அதன் சொத்து. அது யாருக்குச் சொந்தம் என்பதுதான் வழக்கு. வடநாட்டுக்காக வாதாட, துறுதுறுவென்று ஒரு பெண். தென்னாட்டுக்கு நம் வக்கீல். அந்தப் பெண்ணுக்கு அவர் அன்றைக்கே 'எதிர்க்கட்சி' என்று பெயர் வைத்துவிட்டார்.

இருவருக்கும் ஆளுக்கொரு தாள்கட்டு கொடுத்தார்கள். இரண்டு நாடுகளும் ஏற்றுக்கொண்ட விவரங்கள் அதில் பத்தி பத்தியாக இருந்தன. அந்த விவரங்களில் கை வைக்கக் கூடாது. அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு சட்டத்தை மட்டும் வாதாட வேண்டும். தலைப்பிலேயே 'ஒப்புக்கொள்ளப்பட்ட சங்கதிகள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் நம் ஆளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"யாரு ஒப்புக்கிட்டா? நான் ஒப்புக்கலையே!"

அப்புறம் உட்கார்ந்து பதில் எழுதினார் பாருங்கள். எழுத எழுத அவருக்குப் பத்து வயசு குறைந்தது.

'வடநாட்டின் பிராது சட்டப்படியும் சங்கதிப்படியும் நிலைக்கத்தக்கதல்ல. வடநாடு என்று ஒரு நாடு இருப்பது மறுக்கப்படுகிறது. நடுவில் கடல் இருப்பதாகச் சொல்வது இந்தப் பிரதிவாதிக்குத் தெரியாத விஷயம். கடலில் தீவு இருப்பது மறுக்கப்படுகிறது. தீவு இருந்தாலும் அதில் விளக்கு இருப்பது மறுக்கப்படுகிறது. விளக்கு இருந்தாலும் அது எரிவது மறுக்கப்படுகிறது. பறவைகள் சம்பந்தமாக இந்தப் பிரதிவாதிக்கு எதுவும் தெரியாது. வடநாடே அவற்றைக் கண்டிப்பாக நிரூபிக்க வேண்டும்.'

வகுப்பில் எல்லார் முன்னாலும் தூதர் அதைக் கையில் எடுத்தார்.

"ரொம்ப சுவாரசியமா இருக்கு" என்று ஆரம்பித்தார்.

வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டது. வக்கீல் மட்டும் அடக்கமாகப் புன்னகைத்தார்.

"மூணாவது பத்தியைப் பார்த்தீங்களா? ரெண்டு நாடும் முன்னே ஒண்ணா இருந்தது, ஓர் உடன்படிக்கை போட்டுக்கிட்டுப் பிரிஞ்சதுன்னு இருக்கு. அந்த உடன்படிக்கையை நீங்க மறுத்திருக்கீங்க."

"ஆமாங்க ஐயா. அடியோட மறுத்திருக்கேன்."

"அந்த உடன்படிக்கை இல்லேன்னா தென்னாடே பொறந்திருக்காது. அப்போ நீங்க யாருக்காக ஆஜராகறீங்க?"

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே முழி பிதுங்கியிருக்கும். வக்கீல் அசரவில்லை. "அதையும் அவங்கதாங்க ஐயா நிரூபிக்கணும்" என்றார்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எதிர்க்கட்சி மட்டும் சிரிக்கவில்லை. பாவம், அவள் அதை மும்முரமாகக் குறித்துக்கொண்டிருந்தாள்.

"கட்சிக்காரரையே காணாமப் பண்ணின வக்கீலை இன்னிக்குத்தான் பார்க்கறேன்" என்றார் தூதர். "அது போகட்டும். கடைசிப் பத்தியில, விளக்கு கட்டறதுக்கு முன்னாடி வடநாடு ஆள் அனுப்பித் தென்னாட்டுக்கிட்ட அனுமதி கேட்டதுன்னு இருக்கு. இந்தத் தாள்கட்டு முழுக்கத் தேடினாலும் உங்களுக்குச் சாதகமா இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் மறுத்து வச்சிருக்கீங்க."

வக்கீல் அந்தப் பத்தியை அப்போதுதான் படித்தார். மறுக்கிற வேகத்தில் படிக்கத் தவறிவிட்டது.

எழுத்துக்குப் பூஜ்யம் போட்டார்கள். மிச்சம் இருந்தது வாய்வாதம். வருகிற வெள்ளிக்கிழமை மூன்று பேர் முன்னால் நின்று பேச வேண்டும்; அதில் பிரமாதமாகச் செய்தால் தேறலாம், இல்லையென்றால் படிப்பும் போயிற்று, பக்கத்துத் தெரு மேஜையும் போயிற்று.

அன்று மாலை மனைவி ஒரு செய்தியோடு வந்தாள். அவளை ஒரு வார்டுக்குத் தலைமை நர்ஸாக, நிரந்தரமாகவே, போடுவதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அவளும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"நல்ல விஷயமாச்சே! என்ன சொல்லப்போறே?"

"அது உங்க கையிலதாங்க இருக்கு. நீங்க பாஸ் பண்ணி அந்த ஆபீஸ்ல போய் உக்காந்தீங்கன்னா இங்கேயே இருந்துடலாம். இல்லேன்னா எனக்கு இது வேணாம், ஊருக்கே போயிடலாம். அங்கியைப் பெட்டியில வச்சுக்கிட்டு நீங்க இந்த மெஷினைப் பார்த்துட்டு உக்காந்திருக்கறது எனக்குச் சகிக்கலை."

"நான் சந்தோஷமா இல்லைன்னு யாரு சொன்னா? அப்படிச் சொல்றதே தப்பு."

"உங்ககிட்ட போய்க் கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் ஊரிலிருந்து குமாஸ்தா போன் செய்தார். வக்கீலிடம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேஸ் கட்டு தூக்கிய மனுஷர். வக்கீல் போன பிறகும் ஆபீஸைத் திறந்து பெருக்கிப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"சார், புது ஜட்ஜ் வந்திருக்கார் சார். தங்கமான மனுஷன். நாம வாயைத் திறக்கறதுக்குள்ள வாய்தா குடுத்துடறார் சார்!"

"அப்படியா?"

"நேத்து எதிர்த்தரப்பு வக்கீல் கேஸ் நடத்தறேன்னு நின்னான். அவனுக்கும் வாய்தா! உங்க நாற்காலி அப்படியே இருக்கு சார். ஒரு பயலை உக்கார விடலை. எப்ப சார் வருவீங்க?"

போனை வைத்த பிறகும் வக்கீலுக்கு ஊர் ஞாபகம்தான். அந்த ஜட்ஜ், அந்த வராந்தா, பெயர் சொல்லிக் கூப்பிடும் டவாலியின் கரகரத்த குரல், தன்னை நம்பி மரத்தடியில் நிற்கும் நாலு ஜனங்கள். இங்கே அவரை யார் தேடுகிறார்கள்? காஸ் கம்பெனிக்காரன் மீட்டர் பார்க்க வருகிறான். அவனும் மீட்டரைத்தான் தேடி வருகிறான்.

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை அவர் தலைக்குள் நுழைந்தது. ஜெயிப்பதற்குத்தானே பாடுபட வேண்டும், தோற்பதற்கு என்ன? ஏற்கனவே பூஜ்யம் கையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை எழுந்து நின்று, 'தீவு இருப்பது மறுக்கப்படுகிறது' என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் தீர்ந்தது. போகலாம் என்று பெண்டாட்டியே வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். ஒரு பயல் குறை சொல்ல முடியாது. அதற்கப்புறம் வக்கீல் நிம்மதியாகத் தூங்கினார். காய் நறுக்கும்போது விசிலடித்தார். பரீட்சை வைத்திருக்கிற மனுஷன் இப்படியா இருப்பான் என்று பார்த்தவர்கள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை நூலகத்திலிருந்து சீக்கிரம் திரும்பிவிட்டார். கதவைத் திறந்தால் சமையலறையில் பேச்சுக்குரல். யாரோ வந்திருக்கிறார்கள் போலிருக்கிறதே என்று எட்டிப் பார்த்தார். யாருமில்லை. மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஃபிரிட்ஜின் எதிரே நின்று, அந்த ஊர்ப் பாஷையில் அதட்டிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றதுக்கு முன்னாடி சார்ட் ரெடியா இருக்கணும்னு சொன்னேனா இல்லையா? ஏன் இன்னும் எழுதலை?"

ஃபிரிட்ஜ் பதில் சொல்லவில்லை. அவள் கொஞ்ச நேரம் அதை முறைத்துப் பார்த்தாள். அப்புறம் மனசு இளகி, அதன் கதவைத் தட்டிக்கொடுத்தாள்.

"சரி சரி, அழாதே. முதல் மாசம் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். போய் முகத்தைக் கழுவிட்டு வா."

வக்கீலுக்குச் சிரிப்பு குபீரென்று வந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்குள்ளேயே அந்தச் சிரிப்பு அடங்கிப்போயிற்று. அவள் முகத்தில் அப்படி ஒரு மிடுக்கு, அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணமான நாளிலிருந்து அவர் அதைப் பார்த்ததில்லை. அவள் எப்போதும் யாராவது சொன்னதைச் செய்துகொண்டிருந்தவள். டாக்டர் சொன்னதை, மாமியார் சொன்னதை, இவர் சொன்னதை. தனக்கென்று அவள் ஆசைப்பட்டு அவர் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். சத்தமில்லாமல் வெளியே போய், படி இறங்கி, ஊரே கேட்கிற மாதிரி இருமிக்கொண்டு மறுபடியும் ஏறி வந்தார்.

அதற்குள் அவள் காய் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்ட பேசிட்டு இருந்தே?"

"நானா? நான் யார்கிட்டேயும் பேசலையே."

மறுப்பதும் சளி மாதிரிதான், ஒரே வீட்டில் இருந்தால் தொற்றிக்கொள்ளும்.

விடிந்தால் வெள்ளிக்கிழமை. என்ன செய்யப் போகிறோம் என்பது வக்கீலுக்கே தெரியாது. ஒரு பக்கம் நாற்காலி, ஒரு பக்கம் ஃபிரிட்ஜ். காலையில் அங்கியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாசலில் மனைவி அவருடைய காலரைச் சரி செய்துவிட்டு, முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். அவரால் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. "நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டார்.

பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பறையின் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளி, மேஜைக்குப் பச்சைத் துணி விரித்துக் கோர்ட் ஆக்கியிருந்தார்கள். நடுவில் தூதர், இரண்டு பக்கமும் இரண்டு ஆசிரியர்கள். எதிர்க்கட்சி சக்கரம் வைத்த இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்தாள். எல்லாம் ஆதாரம்! நிரூபிக்க வேண்டும், நிரூபிக்க வேண்டும் என்று இவர் எழுதிவைத்ததை நம்பிவிட்டது அந்தக் குழந்தை. இல்லாத தீவுக்குத் தானே வரைபடம் வரைந்து வர்ணம் தீட்டியிருந்தாள். கடல் இருப்பதற்கு ஒரு கோப்பு. பறவைகளுக்குத் தலையணை கனத்தில் ஒரு புத்தகம். நாடு என்றால் என்ன என்பதற்கு மட்டும் இருபது தீர்ப்புகள்.

தூதர் நேராக நம் ஆள் பக்கம் திரும்பினார்.

"தென்னாட்டு வக்கீலைத்தான் முதல்ல கேக்கணும். இன்னிக்காவது சொல்லுங்க. தீவு இருக்கா, இல்லையா?"

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. இல்லை என்றால் ஊர். வக்கீல் எழுந்தார். நாக்கு தயாராக நின்றது. அதற்குப் பதினெட்டு வருஷப் பழக்கம், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அவருக்கு, ஃபிரிட்ஜைத் தட்டிக்கொடுத்த கைதான் கண்ணில் நின்றது. நெற்றி வியர்த்தது. வாதாடும்போது அவருக்கு வியர்த்ததே கிடையாது.

"இருக்குங்க ஐயா" என்றார்.

அறையில் ஒரு சலசலப்பு. தூதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"வடநாடு?"

"அதுவும் இருக்கு. நல்லா இருக்கட்டும்."

"உடன்படிக்கை?"

"போட்டது உண்மை. எங்க நாடே அதுல பொறந்ததுதான்."

"விளக்கைக் கட்டினது யாரு?"

"வடநாடுதான். செலவும் அவங்க செலவு. அதுக்கு எண்ணெய் ஊத்தினதும் அவங்கதான்."

"பறவைகள்?"

"பறவைகளும் இருக்குங்க ஐயா. பறவை எந்த நாட்டுப் பறவைன்னு நாங்க தகராறு பண்ண வரலை."

ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்ளக்கொள்ள, முதுகிலிருந்து மூட்டை மூட்டையாக இறக்கி வைத்த மாதிரி இருந்தது அவருக்கு. அந்தப் பக்கம் எதிர்க்கட்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒரு பெட்டியைத் திறந்தாள், மூடினாள். இன்னொரு பெட்டியைத் திறந்தாள். தீவு இருக்கிறது என்று மணிக்கணக்கில் சாதிக்க வந்தவளிடம், ஆமாம் இருக்கிறது, அப்புறம்? என்று கேட்டால் அவள் எங்கே போவாள்? வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டே, "கனம் நீதிபதிகளே, விளக்கைக் கட்டிப் பராமரித்தது நாங்கள், ஆகவே தீவு எங்களுடையது" என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது வக்கீல் அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எல்லாத்தையும் ஒப்புக்கிட்டேன் ஐயா. கடைசிப் பத்தியையும் ஒப்புக்கறேன். விளக்கு கட்டறதுக்கு முன்னாடி வடநாடு எங்ககிட்ட ஆள் அனுப்பி அனுமதி கேட்டது. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். தன் வீட்டுக் கூடத்துல விளக்கேத்தறதுக்கு யாராவது பக்கத்து வீட்டுல போய் அனுமதி கேப்பாங்களா? கேட்டாங்கன்னா அது யார் வீடு?"

அதற்கு மேல் அவர் பேசவில்லை. ஊரில் என்றால் இதை வைத்தே நாலு மாசம் பேசியிருப்பார்.

நீதிபதிகள் மூன்று பேரும் எழுந்து உள்ளே போனார்கள். எதிர்க்கட்சி பெட்டிகளை இழுத்துக்கொண்டு அவரிடம் வந்தாள். கண்ணில் நீர் நின்றது.

"இப்படிப் பண்ணிட்டீங்களே சார்! அந்தப் பறவையை நிரூபிக்க நான் ராப்பகலா படிச்சேன்."

"தப்புதாம்மா. என் தப்புதான்" என்றார் வக்கீல். அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கே திக்கென்றது. தன் வாயிலிருந்தா வந்தது?

தீவு தென்னாட்டுக்கு என்று தீர்ப்பானது. வக்கீல் தேறிவிட்டார். தூதர் வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"எத்தனையோ நாட்டுல தூதரா இருந்திருக்கேன். எந்த நாடும் எதையும் இப்படி முழுசா ஒப்புக்கிட்டு நான் பார்த்ததில்லை. நல்லா இருந்தது."

"சுவாரசியமா இருந்ததுங்களா ஐயா?" என்று கேட்டார் வக்கீல் பயந்துகொண்டே.

"இல்லை. நல்லா இருந்தது."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஜெயித்தவன் மாதிரி நிமிர்ந்துதான் உட்கார்ந்தார். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் கண் கலங்கிவிட்டது. அந்த நாற்காலியில் இனிமேல் வேறு யாரையாவது உட்காரச் சொல்லிக் குமாஸ்தாவிடம் சொல்ல வேண்டும். அந்தத் தங்கமான ஜட்ஜிடம் ஒரே ஒரு வாய்தாகூட வாங்காமலே போய்விட்டது. பரவாயில்லை, அவளுக்காக விட்டுக்கொடுத்தோம் என்று நினைத்துக்கொண்டார். நினைக்க நினைக்கத் தன் பெருந்தன்மை மேல் அவருக்கே மரியாதை வந்தது. இறங்கும்போது பஸ் டிரைவருக்கு வணக்கம் வைத்தார்.

ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் மாறும் நேரம். மருந்து வாசனையடிக்கும் நீள நடையில், கையைத் துடைத்துக்கொண்டே மனைவி வந்தாள். அங்கியோடு நின்ற புருஷனைப் பார்த்ததும் நடை தடுமாறியது.

"என்னாச்சுங்க?"

"பாஸ்."

"நிஜமாவா?"

"தீவு இருக்குன்னு ஒப்புக்கிட்டேன்."

"நீங்களா?" என்று அவள் வாயைப் பிளந்தாள். அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"சரி சரி, இன்னிக்குத்தானே உனக்குக் கடைசி நாள். ஆபீஸை மூடறதுக்குள்ள ஓடிப்போய்ச் சொல்லிட்டு வா, அந்த வேலையை எடுத்துக்கறேன்னு."

அவள் நகரவில்லை. கைத்துண்டை மடித்தாள், பிரித்தாள்.

"நேத்தே கையெழுத்துப் போட்டுட்டேங்க."

"நேத்தேவா? நான் தேறுவேனா மாட்டேனான்னு தெரியாமயா?"

"ம்."

எதிர்த்தரப்பு கோர்ட்டுக்கு வரும் முன்பே தீர்ப்பு! அவருடைய பெருந்தன்மை, பஸ்ஸில் விட்ட கண்ணீர், எல்லாம் ஒரே நொடியில் செல்லாக்காசாயிற்று.

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே?"

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?" அவள் குரல் தாழ்ந்தது. "குமாஸ்தா போன் பண்ணினதுலேர்ந்து விசிலடிச்சுட்டுத் திரிஞ்சீங்க. பரீட்சைக்குப் போறவங்க விசிலடிப்பாங்களா? தோத்துட்டுக் கிளம்பிடலாம்னு முடிவு கட்டிட்டீங்கன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. வேணாம்னு நான்தான் சொன்னேன், உங்களுக்காகச் சொன்னேன். ஆனா எனக்கு இந்த வேலை வேணுங்க. ரொம்ப வேணும். அதான் போட்டுட்டேன்."

வக்கீல் வாயைத் திறந்தார். உள்ளே தேடிப் பார்த்தும் மறுப்பதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

"ஆமா" என்றார். "இன்னிக்குக் காலையில வரைக்கும் அந்த எண்ணம்தான் இருந்தது."

அவள் தலையசைத்தாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் உதட்டோரத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது. நடையில் போன இரண்டு சின்ன நர்ஸ்கள் புதுத் தலைமை நர்ஸுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் போகும்வரை பொறுத்திருந்து, வக்கீல் மெதுவாகக் கேட்டார்.

"அப்போ நான் தோத்திருந்தா?"

"தோத்த வக்கீலோட இங்கேயே குடித்தனம் நடத்தியிருப்பேன்" என்றாள் அவள். "ஊர்ல மட்டும் யாரோட நடத்திட்டு இருந்தேனாம்?"